சாட்சிகளைக் கொன்ற மண்: வங்காலையின் மேரி பஸ்ரியன் அடிகளார்

இலுப்பைக்கடவையிலிருந்து ஏ-32 வீதியால் தெற்கே வருபவர்கள் விடத்தல்தீவைக் கடந்து மன்னார்ப் பாலத்தடிக்கு வருவார்கள். அதற்குச் சற்று அப்பால் கடலோரமாக இருக்கிறது வங்காலை. அந்த ஊரின் பங்குத்தந்தையாக இருந்த மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரது உடல் இன்றுவரை எமது மக்களிடம் கையளிக்கப்படவில்லை.

பூசை வைப்பதோடு தன் பணி முடிந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை. மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வெளியே கொண்டுசெல்வதும் தன் கடமை என்று நம்பிய மனித உரிமைச் செயற்பாட்டாளர் அவர்.

1984 டிசம்பர் 4 அன்று மன்னாரில் கண்ணிவெடியில் ஓர் இராணுவச் சிப்பாய் கொல்லப்பட்டார். அதன்பின் பல மணி நேரம் தபாலகம், வயல், பேருந்து என்று கண்ட இடமெல்லாம் பொதுமக்கள் சுடப்பட்டனர். கொல்லப்பட்டோர் தொகை 107 முதல் 150 வரை எனப் பதிவாகியுள்ளது. அந்தப் படுகொலையின் சாட்சிகளில் இருவர் மதகுருமார். ஒருவர் மெதடிஸ்த திருச்சபையின் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம். அவர் டிசம்பர் 13 அன்று கொல்லப்பட்டார். மற்றவர் மேரி பஸ்ரியன் அடிகளார். 1985 ஜனவரி 6 அன்று வங்காலை புனித அன்னாள் ஆலயத்தில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் பொதுமக்களும் உயிரிழந்தனர்.

இராணுவமே கொன்றது என்று ஊரார் சொன்னார்கள். அரசோ அவர் இந்தியாவுக்குத் தப்பிப் போய்விட்டதாகச் சொன்னது. உடல் இல்லாததால் கொலையே நடக்கவில்லை என்று சாதிக்க முடிந்தது. பின்னாளில் காணாமல் ஆக்கப்பட்ட ஆயிரமாயிரம் பேரின் உறவுகள் கேட்ட பதிலும் இதே வகையானதுதான்.

அடிகளாரின் கொலையைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இலங்கை றோம் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. அந்த நீதிமன்றமும் 2002 ஜூலை 1க்குப் பின்னர் நடந்த குற்றங்களையே விசாரிக்கும். ஆனால் போர்க்குற்றங்களுக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் காலாவதி இல்லை என்பது சர்வதேச சட்டத்தில் வேரூன்றிய கொள்கை. உலகளாவிய நியாயாதிக்கத்தின் கீழ் பிறநாட்டு நீதிமன்றங்களில் வழக்குத் தொடரவும் வழியுண்டு. அதற்கு முதலில் வேண்டியது சாட்சியம்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் செய்ததும் அதுவே. வன்னியில் இருந்ததாக அரச அலுவலகங்கள் பதிந்த மக்கள்தொகையிலிருந்து, அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்களைக் கழித்தார். 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம், சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் ஒப்படைத்தது.

2008இல் போர் நெருங்கியபோது இலுப்பைக்கடவையை விட்டு ஓடிய குடும்பங்களிடமும் இத்தகைய சாட்சியம் இருக்கிறது. எந்த நாள், எந்த இடம், யார் கூட்டிப்போனார்கள், யார் பார்த்தார்கள் என்பதை அறிந்த தாய்மார் ஒவ்வொருவராகக் கண்மூடுகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைப்போம். அடிகளார் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை அதுதான்.