வீரமாமுனிவரும் நெடிற் கொம்பும்

எம்மூராகிய கோம்பையின் பெயரை முந்நூறாண்டுகட்கு முற்பட்ட ஓலையிற் கண்டால், கொம்பை என்றும் படிக்கலாம், கோம்பை என்றும் படிக்கலாம். குறிலாகிய எகர ஒகரங்கட்குப் புள்ளியிடுக என்பது பழைய விதி. ஓலை கிழியுமென்றஞ்சிப் பலர் அதனை விடுத்தனர். இவ்விடர்ப்பாட்டை நீக்க நெடிலுக்கு மேற்சுழித்த கொம்பை வகுத்தவர், 1680-ல் இத்தாலி நாட்டிற் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர்.

முப்பதாம் வயதளவில் மதுரை மிஷன் ஊழியத்துக்கு வந்த அவர், 1726-ல் தேம்பாவணியை இயற்றினார். காவியத்தினும் எம்முள்ளத்தைக் கவர்வது 1732-ல் அவர் தொகுத்த சதுரகராதியே. அந்நாளிற் சொற்பொருள் வேண்டுவோர் நிகண்டுகளை நெட்டுருச் செய்தல் வேண்டும். (நாமும் ஒரு கோடை விடுமுறையில் முயன்று தோற்றதுண்டு.) முதலெழுத்தளவில் அடுக்கிய நிகண்டு முன்னரும் உண்டு, முனிவரோ அடுத்தடுத்த எழுத்துக்களையும் நோக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். எகரமும் ஏகாரமும் கலந்து கிடப்பின் அத்தகைய அடுக்கு இயலுமா?

அந்நூலை அச்சிற் காணும் பேறு அவருக்கில்லை. தரங்கம்பாடியில் 1713 முதலே தமிழச்சு நடந்தது. ஆயின் அது அவர் எதிர்த்து வாதிட்ட சீர்திருத்தச் சபையாருடையது. அச்சபை வழிவந்த நாம் இதனைச் சற்று வருத்தத்தோடே எழுதுகின்றோம். 1747-ல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அவர் மறைந்தார். 1679-ல் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியொன்று அச்சேறிய ஊர் அது. சதுரகராதியோ கையெழுத்துப் படிகளாய் உலவி, 1824-லேதான் சென்னையில் முழுவதும் அச்சாயிற்று.