வான்படை வீரர் இந்திரலால் ராய்

ஆகாய விமானம் மனிதன் கைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளும் நிறையாத காலம் அது. மரச் சட்டங்களின்மேல் துணி போர்த்திச் செய்யப்பட்ட அவ்வூர்திகளே முதல் உலகப் போரில் போர்க்கருவிகளாயின. அவற்றை ஓட்டியவர்க்குத் தலைக்குமேல் கூரை இல்லை. ஆங்கிலேய விமானிகளுக்கோ, இடையூறு நேர்ந்தால் குதித்து உயிர் தப்புவதற்குப் பாரசூட்டும் இல்லை. அத்தகைய விமானத்தில் ஏறிப் போர் புரிந்து, பத்தொன்பது வயதிலேயே அழியாப் புகழ் எய்திய இந்திய இளைஞரே இந்திரலால் ராய்.

இவர் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். இவர்தம் குடும்பம் கிழக்கு வங்காளத்துப் பாரிசால் பகுதியைச் சேர்ந்தது. தந்தையார் பியரிலால் ராய் புகழ்பெற்ற வழக்கறிஞர். அன்னையார் லலிதா ராய் பெண்களின் வாக்குரிமைக்காக இங்கிலாந்தில் பாடுபட்ட பெருமாட்டி. இந்திரலால் இலண்டனில் உள்ள செயின்ட் பால் பள்ளியில் கல்வி பயின்றார். 1914ஆம் ஆண்டில் போர் மூண்டபோது அவர் பள்ளி மாணவர். வானில் பறந்து போரிட வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அந்நாளில் நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அப்போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பணி புரிந்தனர். ஆயினும், ஆங்கிலேயருக்கு நிகரான அதிகாரிப் பதவி இந்தியர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது. இந்நிலையில் இந்திரலால் விமானப் படையில் சேர விண்ணப்பம் செய்தார். கண் பார்வை குறையுடையது என்று கூறி அவரைத் தள்ளிவிட்டனர். அவர் மனம் தளரவில்லை. தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்றார். அப்பணத்தைக் கொண்டு சிறந்த கண் மருத்துவர் ஒருவரிடம் மீண்டும் சோதனை செய்துகொண்டார். முன்னைய முடிவு மாற்றப்பட்டது. 1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் அதிகாரியாக அமர்த்தப்பட்டார்.

அவ்வாண்டின் அக்டோபர் இறுதியில் 56ஆம் விமான அணியில் அவர் சேர்ந்தார். ஆனால், டிசம்பர் 6ஆம் நாள் அவருடைய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. படுகாயமுற்ற அவர், இனிப் பறத்தற்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். படுக்கையில் கிடந்த நாள்களில் அவர் விமானங்களின் படங்களை வரைந்துகொண்டிருந்தார். உடல் ஓய்ந்திருந்த போதும் உள்ளம் வானிலேயே உலவியது. உடல் தேறியதும் மேலதிகாரிகளை விடாது வேண்டி, மீண்டும் பறக்கும் உரிமையைப் பெற்றார். இவ்வாறு ஒரு முறையன்று, இரு முறை அடைபட்ட கதவைத் தம் விடாமுயற்சியால் திறந்தார்.

1918ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பிரான்சு நாட்டில் போர் புரிந்துகொண்டிருந்த 40ஆம் விமான அணியில் அவர் சேர்க்கப்பட்டார். மக்எல்ராய் என்னும் தேர்ந்த வீரர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். ஜூலை 6ஆம் நாள் இந்திரலால் தம் முதல் வெற்றியைப் பெற்றார். 8ஆம் நாளன்று நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வெற்றிகள் கிட்டின. 19ஆம் நாளுக்குள் வெற்றிகளின் தொகை பத்தாயிற்று. அவற்றுள் இரண்டு பிற வீரரோடு கூடிப் பெற்றவை. ஐந்து வெற்றிகளுக்குக் குறையாது பெற்ற விமானியை ஏஸ் என்று சிறப்பித்தல் போர்க்கள வழக்கம். முதல் உலகப் போரில் அச்சிறப்பைப் பெற்ற இந்தியர் இவர் ஒருவரே.

வெற்றி முழக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஜூலை 22ஆம் நாள் கார்வின் என்னும் ஊருக்கு மேலே செருமானிய விமானங்களோடு கடும்போர் மூண்டது. இந்திரலாலின் விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அவர் வீர மரணம் எய்தினார். அவர் உடல் பிரான்சு நாட்டில் எஸ்தவெல் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. சிறந்த விமான வீரர்க்குரிய டி.எஃப்.சி. என்னும் விருது, அவர் மறைந்தபின் செப்டம்பர்த் திங்களில் அவருக்கு அளிக்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

போர்க்களத்தில் அவர் தொடர்ந்து வென்ற நாள்கள் பதினான்கே. ஆயினும், இந்தியரும் வான்போரில் எவர்க்கும் இளைத்தவரல்லர் என்பதை அந்நாள்கள் மெய்ப்பித்தன. 1932ஆம் ஆண்டில் இந்திய விமானப் படை தோன்றியது. அவர்தம் உறவினரான சுப்ரதோ முகர்ஜி, 1954ஆம் ஆண்டில் அப்படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். இந்திரலாலின் நூற்றாண்டை ஒட்டி 1998ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

போர் கொடியது, வாழவேண்டிய இளைஞர் பலரை அது விழுங்கிவிடுகிறது. அதனை எண்ணி வருந்தும் நாம், தகுதியற்றவர் என்று பிறர் ஒதுக்கியபோதும் சோர்ந்து அமராத இந்திரலாலின் உள்ள உறுதியை மறத்தலாகாது.