நூற்பட்டி தந்த கெஸ்னர்

பலர் கூடி ஒரு விஷயத்தை ஆராயப் புகும் இடங்களிலெல்லாம் முதல் மாதத்திலேயே ஒரு ஜாபிதா தோன்றுவதை நாம் காண்கிறோம். இன்ன விஷயத்தைப் பற்றி இன்னின்ன நூல்கள் இருக்கின்றன, இதனை இன்னார் படித்தார், இதில் பயன்படுவது இன்ன பகுதி என்று உற்சாகத்தோடு எழுதத் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் சென்று பார்த்தால் அந்த நோட்டுப் புஸ்தகம் யாரோ ஒருவருடைய பெட்டியில் கிடக்கிறது. அவர் ஊர் மாறினால் ஜாபிதாவும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வந்து சேருகிறவர், முன்னவர் படித்துத் தள்ளியதையே மறுபடியும் முதலிலிருந்து படிக்க நேரிடுகிறது. இதை அற்பமான நிர்வாகக் குறை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஒரு கூட்டத்தாரின் பொது அறிவு கரைந்து போவது இவ்வாறுதான். இக்குறைக்குப் பரிகாரம் தேடுவோர், ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பண்டிதர் கான்ராட் கெஸ்னரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம்.

கெஸ்னர் 1516-ம் ஆண்டில் ஸூரிச் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தோலும் ரோமமும் பதனிட்டு ஆடை செய்யும் தொழிலாளி. பிள்ளைகளோ பலர். எனவே சிறுவனை உறவினர் ஒருவர் எடுத்து வளர்த்தார். மூலிகைகளில் ஈடுபாடுடைய அவரிடமிருந்தே கெஸ்னருக்குச் செடிகொடிகளின்மீது தீராத ஆசை உண்டாயிற்று. 1531-ல் காப்பெல் யுத்தத்தில் தந்தையார் மாண்டார். நகரத்தார் அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டு ஸ்ட்ராஸ்பர்க், பூர்ஷ், பாரிஸ் ஆகிய இடங்களில் கல்வி கற்றார். பத்தொன்பதாம் வயதில் செல்வமில்லாத ஒரு பெண்ணை மணந்துகொண்டது ஆதரித்தவர்களுக்கு மனக்குறையை உண்டாக்கியது. சொற்ப சம்பளத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் நிலையும் அவருக்கு நேர்ந்தது. அந்த நிலையிலும் படிப்பை விட்டாரில்லை. 1537-ல் லோஸான் நகரில் கிரேக்கமொழி ஆசிரியராக அமர்ந்தார். 1541-ல் பாஸல் நகரில் வைத்தியப் பட்டம் பெற்று ஸூரிச்சுக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் அச்சு யந்திரம் தோன்றி நூறாண்டு நிறையவில்லை. நூல்களோ வெள்ளம்போல் பெருகிவிட்டன. எந்த நூல் எங்கே உள்ளது, அதில் என்ன இருக்கிறது என்று கற்றவர்களே அறியாமல் திகைத்தனர். மற்றொரு புறத்தில் பழைய நூல்கள் அழிந்துகொண்டிருந்தன. ஹங்கேரி தேசத்துப் புடா நகரத்தில் மத்தியாஸ் மன்னர் சேர்த்துவைத்த புகழ்பெற்ற நூல்நிலையம் 1526-ல் துருக்கியப் படையெடுப்பினால் சிதறிப்போன செய்தி அறிஞர்களின் நெஞ்சை வருத்தியது. நூல்களின் பெருக்கமும் நூல்களின் அழிவும் ஒருங்கே நிகழ்ந்த அந்த வேளையில், கற்றோர் அனைவருக்கும் பொதுவாக ஒரு பட்டி வேண்டும் என்று துணிந்தார் கெஸ்னர். வெனிஸ் முதலிய நகரங்களின் நூல்நிலையங்களை நேரிற் கண்டார். அச்சுக்கூடத்தாரின் விற்பனை ஜாபிதாக்களைச் சேகரித்தார். நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 1545-ல் ஸூரிச்சில் பிராஷவர் அச்சுக்கூடத்திலிருந்து அவருடைய பிப்லியோதிகா யூனிவர்ஸாலிஸ் வெளிவந்தது. ஏறக்குறைய 3,000 ஆசிரியர்கள், 10,000-க்கு மேற்பட்ட நூல்கள், ஆயிரத்திருநூறுக்கு மேற்பட்ட பெரிய பக்கங்கள்! லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகிய மூன்று பாஷைகளிலும் உள்ளவற்றை அதில் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

வெறும் பெயர்களை அடுக்கிச் சென்றிருந்தால் அந்நூல் ஒரு வியாபாரியின் கணக்குப் புஸ்தகத்துக்கு மேலாகாது. கெஸ்னர் பல நூல்களுக்கு அச்சிட்ட ஊர், ஆண்டு, அதிகாரத் தலைப்புகள் ஆகியவற்றைக் குறித்தார். முகவுரையின் சாரத்தைக் கொடுத்தார். தம்முடைய மதிப்பையோ பிறருடைய மதிப்பையோ சேர்த்தார். அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளையும், பெயர் மாத்திரம் எஞ்சி மறைந்துபோன நூல்களையும் விட்டாரில்லை. நல்ல நூல், தீய நூல் என்று முன்கூட்டியே பிரித்துத் தள்ளாமல், தேர்ந்துகொள்ளும் உரிமையைப் படிப்பவரிடமே விட்டார். ஐரோப்பா மதச் சண்டையினால் இரு கூறாகப் பிளந்திருந்த காலம் அது. அவர் புரொட்டஸ்டண்ட் கட்சியைச் சேர்ந்தவர். ஆயினும் கத்தோலிக்க ஆசிரியர்களுக்கும் தம் பட்டியில் இடம் அளித்தார். ரோமாபுரியோ 1559-ல் வெளியிட்ட தடை ஜாபிதாவில் அவர் பெயரையே சேர்த்துவிட்டது! யாரையும் விலக்காதவர் தாமே விலக்கப்பட்டார்.

ஆசிரியர் பெயரைக்கொண்டு தேடுவதற்கு முதல் நூல் உதவிற்று. விஷயத்தைக்கொண்டு தேடுவோருக்காக 1548-ல் பாண்டெக்டே என்ற இரண்டாம் பகுதியைப் பத்தொன்பது பிரிவுகளாக வெளியிட்டார். ஒவ்வொரு பிரிவையும் ஓர் அச்சுக்கூடத்தாருக்குச் சமர்ப்பணம் செய்தார். வேலை செய்யும் முறையையும் அதில் மறைக்காமல் விளக்கினார். குறிப்புகளைத் தாளின் ஒரு பக்கத்தில் மாத்திரம் எழுத வேண்டும். பிறகு கத்தரித்துத் துண்டுகளாக்கி, இனம் இனமாகப் பிரித்து, வரிசைப்படுத்திப் பசையால் ஒட்ட வேண்டும். நண்பர்களிடமிருந்து வந்த கடிதங்களைக்கூட அவர் இவ்வாறு துண்டித்து உரிய தலைப்பின்கீழ்ச் சேர்த்துவிடுவாராம்! நூல்நிலையம் வைத்திருப்போர் தம்மிடமுள்ள நூல்களைத் தமது பட்டியின் ஓரத்தில் அடையாளமிட்டு, அதையே தங்கள் ஜாபிதாவாகக் கொள்ளலாம் என்றும் வழிகாட்டினார். தம் உழைப்பைப் பிறர் திருத்தியும் கூட்டியும் கையாள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

குறைகளும் உண்டு. ஆசிரியர்களை முதற்பெயரின் அகரவரிசையில் வைத்ததால், குடும்பப் பெயரை மாத்திரம் அறிந்தவர் இடர்ப்பட்டனர். வைத்திய நூல்களுக்கென்று திட்டமிட்ட பிரிவு, அதுவும் அவருடைய சொந்தத் துறை, வெளிவரவே இல்லை. ஆயினும் பட்டி அவரோடு நிற்கவில்லை. 1555-ல் அவரே அனுபந்தம் சேர்த்தார். ஜோஸியாஸ் ஸிம்லர் அதைச் சுருக்கி, பின்னர் 1574-ல் விரித்து வெளியிட்டார். 1583-ல் ஜொஹான் ஜேகப் பிரைஸ் மேலும் பெருக்கினார். ஒருவர் வைத்த விளக்குக்கு மற்றவர் எண்ணெய் வார்த்தனர்.

இதற்கு மாறான ஒரு செய்தியும் அவர் வாழ்விலேயே இருக்கிறது. பிராணிகளைப் பற்றிய பெரு நூலை 1551 முதல் 1558 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட கெஸ்னர், உதவிசெய்தவர்களின் பெயர்களை அதில் நன்றியுடன் குறித்தார். அதனாலேயே தொலைதேசங்களிலிருந்தும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அடுத்துத் தாவரங்களைப் பற்றி எழுத முற்பட்டு, சுமார் 1,500 சித்திரங்களும் எண்ணற்ற குறிப்புகளும் சேர்த்தார். அதற்குள் கொள்ளைநோய் ஸூரிச்சைப் பற்றியது. வைத்தியரான அவர் 1565 டிசம்பர் 13-ந் தேதி அந்நோய்க்கே இரையானார். வயது நாற்பத்தொன்பது. தாவரக் குறிப்புகள் நண்பர் காஸ்பர் வோல்ப் என்பவரிடம் சேர்ந்தன. வெளியிட அவர் கொண்ட எண்ணம் நிறைவேறவில்லை. கைமாறிக் கைமாறி, 1751-ல்தான் அவை தனித் தொகுதியாக அச்சேறத் தொடங்கின. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வீணாயின! ஒரே மனிதரின் உழைப்புத்தான் இரண்டும். பலர் கையில் கொடுத்தது வளர்ந்தது. பெட்டியில் இருந்தது உறங்கிற்று.

நூல்களைக் கூடிப் படிக்கும் சங்கத்தார் இதைச் சிந்திக்க வேண்டும். ஜாபிதா ஒருவருடைய சொத்தாக இருத்தலாகாது. அதன் பிரதி பொது இடத்தில் இருக்க வேண்டும். நூலின் பெயரோடு, அதைப் படித்தவர் அதில் கண்டது என்ன என்பதை இரண்டு வரியாவது எழுதி, எழுதியவர் பெயரையும் குறிக்க வேண்டும். நமக்குப் பிடிக்காத கட்சியாரின் நூல் என்பதற்காக ஒன்றையும் விலக்குதல் கூடாது. மாதம் ஒருமுறையேனும் கூடியிருந்து திருத்த வேண்டும். பெரும் பொருளோ பட்டமோ இதற்குத் தேவையில்லை. வறுமையில் வளர்ந்த ஓர் இளைஞர் கத்தரிக்கோலையும் பசையையும் கொண்டு செய்து காட்டிய காரியம் இது. அவரிடம் இருந்த பொறுமையும், தாம் படித்ததைப் பிறருக்கு ஒளிக்காத மனமும் இருந்தால் நம்மவர்க்கும் இது கைகூடும் என்பதில் ஐயமில்லை.