கோலத்தில் கணக்குக் கண்ட பேராசிரியர்

காலையில் வாசலில் போட்ட கோலம் மாலைக்குள் அழிந்துவிடும். அதை யாரும் பெரிய கல்வியாக நினைப்பது இல்லை.

அந்தக் கோலத்துக்குள் உயர்ந்த கணிதம் இருக்கிறது என்று காட்டியவர் கிப்ட் சிரோமணி.

1932-ல் பிறந்த சிரோமணி, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மாமல்லபுரச் சிற்பங்கள், பழைய எழுத்துகள், மரங்கள் என்று பலவற்றையும் ஆராய்ந்தார்.

ஒரே கோடு

வரிசையாகப் புள்ளி வைக்கிறார்கள். ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. பெரிய கோலத்தையும் பெண்கள் மனப்பாடமாகப் போடுகிறார்கள்.

இது எப்படி முடிகிறது?

பெண்கள் கோலம் போடும் முறையைச் சிரோமணி கவனித்தார். நேராகப் போவது, இடப்பக்கம் வளைவது, வலப்பக்கம் வளைவது ஆகிய சில அசைவுகளே திரும்பத் திரும்ப வந்தன. சின்னக் கோலம் பெரிய கோலமாக வளர்வதற்கும் விதி இருந்தது.

கோலத்துக்கு இலக்கணம்

மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல, கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்று அவர் விளக்கினார். மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய இரு கணித அறிஞர்களுடன் சேர்ந்து, 1974-ல் இதுபற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். இத்தகைய விதிகளைக் கொடுத்தால் கம்ப்யூட்டரும் கோலம் போடும்.

அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-ல் கோலக் கணிதம் பற்றிக் கட்டுரை எழுதினார். அதைக் காணச் சிரோமணி இல்லை. 1988-லேயே காலமாகிவிட்டார்.

பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் கையிலும் கணிதம் இருந்தது. அதைக் கல்லூரி ஏற்கும்படி செய்தவர் அவர்.