துவக்கின் துணையோடு வாழ்ந்த சேர் சாமுவேல் பேக்கர்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் தவறாது பார்த்துவரும் பேக்கர் அருவிக்கு அப்பெயர் யாரால் வந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது சேர் சாமுவேல் வைட் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயராகும். நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்றவர் என்று உலகம் அவரை அறியும். ஆயினும் வினாயகபுரம், திருக்கோவில் முதல் கல்முனை வரையான கரையோர மக்களுக்கு அவரை அறிந்துகொள்ள வேறொரு காரணம் உண்டு. நமது வயல்களுக்கு மேற்கே, நில்கல வரை பரந்து கிடந்த காடும் புல்வெளியும் அவரது வேட்டைக் களங்களுள் முதன்மையானவை. அம்பாறை என்றொரு மாவட்டம் அக்காலத்தில் இல்லை. 1961 வரை இவையெல்லாம் மட்டக்களப்புக்கு உட்பட்டிருந்தன.

1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில், செல்வந்த வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். அக்குடும்பத்துக்கு ஜமெய்க்காவிலும் மொறீசியஸிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமைகளின் உழைப்பால் விளைந்த செல்வம் அது. பிற்காலத்தில் அடிமை வாணிபத்தை ஒழிக்கப் புறப்பட்ட ஒருவரது வாழ்வு இவ்வாறு தொடங்கியமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றெனலாம்.

1846இல் வேட்டையை நாடியே அவர் இலங்கைக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளின் பின்னர், ஆறாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள நுவரெலியாவில் குடும்பத்துடனும் ஆங்கிலேயக் குடியேற்றவாசிகளுடனும் பண்ணை அமைத்துக் குடியேறினார். தை, மாசி மாதங்களில் அதிகாலைப் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. அங்கே மரை வேட்டைக்கு அவர் பெரும்பாலும் துவக்கை எடுத்துச் செல்லவில்லை. நாய்களும் இடுப்பிலிருந்த வேட்டைக் கத்தியுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. யானைகளைத் தேடிக் கிழக்கின் தாழ்நிலத்துக்கு இறங்கும்போதே கனத்த துவக்குகள் வெளியே வந்தன.

அத்துவக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். இலங்கைக்கு வருவதற்கு முன்னரே, 1840இல், தாமே வரைந்து கொடுத்த திட்டத்தின்படி பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் அவர் ஒரு ரைபிளைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குண்டு மூன்று அவுன்ஸ். ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் மருந்து. சாதாரண மனிதர் தோளில் வைத்துச் சுடத் துணியாத ஆயுதம் அது. காயப்பட்டுத் தப்பிய யானையைவிட ஆபத்தான விலங்கு காட்டில் இல்லை. எனவே முதல் வெடியிலேயே விலங்கு விழவேண்டும் என்பதற்காகவே இத்தனை கனம்.

அவை வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துவக்குகள். சிறிய செப்புக் கேப் ஒன்றில் சுத்தியல் அடிக்க, அதன் பொறி உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். பனியிலோ மழையிலோ ஓர் இரவு கெட்டித்தபடி கிடந்தால் மருந்து ஈரம் உறிஞ்சிவிடும். மறுநாள் கேப் வெடித்தாலும் குண்டு புறப்படாது. வேட்டைக்காரரின் உயிர் துடைத்த குழாயிலும் உலர்ந்த மருந்திலும் தங்கியிருந்தது.

இன்று குளிர்நாடுகளில் முயல், அணில் வேட்டைக்குப் பயன்படும் பாதித் தானியங்கி .22 ரைபிள்களுக்கும் இதுபோன்ற ஒரு சோதனை உண்டு. அவற்றின் சிறிய தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் உட்புறத்தில் இருக்கும். தோட்டா வெடிக்கும் சிறு விசையே பூட்டைப் பின்தள்ளி, வெற்றுக் கோதை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். கடுங்குளிரில் எண்ணெய் தடித்துவிட்டால் அவ்விசை போதாது. பூட்டு பாதிவழியில் நின்றுவிடும். ஆதலால் குளிர்காலத்தில் பழைய எண்ணெயையும் கரியையும் முற்றாகத் துடைத்து, குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெயை மிகச் சிறிதளவே இடுவர். குளிர்ந்த துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உலோகத்தில் நீர் படியும். துடைக்காமல் மீண்டும் வெளியே எடுத்தால் அது உறைந்து பூட்டைப் பிடித்துவிடும். பேக்கரின் யானைத் துவக்குக்கு ஈரம் பகையென்றால், இதற்குக் குளிர் பகை.

பேக்கர் மட்டும் யானைகளைக் கொன்றார் என்று சொல்வது நியாயமன்று. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கணக்குண்டு. குடியேற்ற அரசாங்கம் பயிர்களைக் காக்கவென யானைத் தலைக்குப் பணமும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குக் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகளுக்கு இவ்வாறு பணம் வழங்கப்பட்டதாக எமர்சன் ரெனன்ட் எழுதி வைத்துள்ளார். அதே ரெனன்ட் மற்றொன்றையும் பதிவு செய்தார். பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள், துவக்கின்றி, தோல் கயிற்றை மட்டும் கொண்டு காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு உயிரோடு பிடித்தனர். ஏறாவூர்ப் பணிக்கர்களின் பெயர் கிழக்கில் இன்றும் பேசப்படுகிறது. வீரம் என்ற சொல் இருவரில் யாருக்குப் பொருந்தும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

1855இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே மனைவி ஹென்றியெட்டா காலமானார். 1859இல், அன்று ஓட்டோமன் ஆட்சியிலிருந்த விடின் நகர அடிமைச் சந்தையிலிருந்து புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணை அவர் அழைத்துச் சென்றார். பின்னர் அவருக்கு மனைவியான அப்பெண்ணும் உடன்வர, 1864 மார்ச் 14ஆம் திகதி ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியைக் கண்டார். 1866இல் சேர் பட்டம் கிடைத்தது.

1869இல் எகிப்தின் கெதீவ் இஸ்மாயில் பாஷா அவருக்கும் பாஷா பட்டமளித்து, மேல் நைலில் அடிமை வாணிபத்தை அடக்க அனுப்பினார். நோக்கம் உயர்ந்தது, ஆனால் படையுடன் சென்றவரின் வழியில் கிராமங்களும் எரிந்தன. 1872 ஜூனில் மசிண்டியில் கபலேகா மன்னரின் வீரர்கள் தாக்கியபோது, ஈரப்புல்லினூடே போரிட்டபடி அவர் பின்வாங்கினார். அப்போது அவரது மெய்க்காவலர் கையில் இருந்தவை பின்புறம் தோட்டா ஏற்றும் ஸ்னைடர் ரைபிள்கள். மருந்தும் கேப்பும் குண்டும் ஒரே கோதுக்குள் அடைபட்டிருந்தமையால் வாய்வழித் துவக்கைப்போல் ஈரத்துக்கு அவை அஞ்சவில்லை. 1893 டிசம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்தின் டெவனில் பேக்கர் மறைந்தார்.

அவர் வேட்டையாடிய நிலத்தின் ஒரு பகுதி 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தால் நீருக்கும் வயலுக்கும் போயிற்று; 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் யானை எல்லைக்கல்லை அறியாது. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாடு முழுவதும் ஆண்டுக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. உயிரிழந்த மனிதரும் ஒவ்வோராண்டும் நூற்றைத் தாண்டினர். வேளாண்மை விளைந்த வயலில் யானை வெடியோடு இரவைக் கழிக்கும் விவசாயியின் துயரை, யானைக்காகப் பேசுவோர் மறந்துவிடலாகாது.

எனினும் கட்டுத் துவக்கை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. பட்டறையில் ஒட்டிய இரும்புக் குழாய், கையால் கெட்டித்த மருந்து, பாதையின் குறுக்கே ஒரு நூல். பேக்கர் காலத்து வாய்வழித் துவக்கேதான் அது. குறிபார்க்க ஒரு மனிதன் மட்டும் இல்லை. நூலைத் தட்டும் கால் பன்றியுடையதா, யானையுடையதா, விறகுக்குப் போனவருடையதா என்று அது பார்ப்பதில்லை. காலில் ஈயம் ஏறிய யானை உடனே விழுவதுமில்லை. புண் சீழ்வைத்து, வாரக்கணக்கில் நொண்டியபடி, குளத்தையும் வயலையும் தேடி அது வருகிறது.