ராவ்பகதூர் எம். சி. ராஜா: பொறையும் உரிமையும்

அடித்தவன் மறப்பது எளிது. அடியுண்டவன் பொறுப்பதோ அரிது. தன் உரிமையில் அணுவளவும் விட்டுக்கொடாமல் பொறுப்பது அரிதினும் அரிது. அவ்வரிய நெறியில் நின்றவர் ராவ்பகதூர் எம். சி. ராஜா அவர்கள். தாம்பரத்தினின்று நாடோறும் மின்சார ரயிலில் நகரஞ் செல்லும் நம்மவர் பரங்கிமலையைக் காண்கின்றனர். அங்குப் பிறந்த இப்பெரியாரை நினைப்பவரோ சிலரே. ஆதலின் அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ராஜா அவர்கள் 1883-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பாடசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிலும் கல்வி பயின்றார். இன்று தாம்பரத்தில் விளங்கும் அக்கலாசாலை அந்நாளில் நகரத்தினுள்ளே இருந்தது. 1937-ல்தான் தாம்பரம் வந்தது. பின்பு உபாத்தியாயராய் அமர்ந்து பாடப்புத்தகங்களும் இயற்றினார். ஆதிதிராவிட மகாஜன சபையின் காரியதரிசியாய் உழைத்து, 1920-ல் சென்னைச் சட்டசபை அங்கத்தினரானார். நம் மக்களை இழிபெயரால் அழையாது ஆதிதிராவிடர் என்றே சர்க்கார் வழங்கவேண்டுமென 1922-ல் அச்சபையில் தீர்மானம் நிறைவேறச் செய்தவரும் அவரே.

இதற்கு முந்திய வருஷமே பெருந்துன்பம் நேர்ந்தது. 1921-ல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலார் வேலைக்குச் சென்றனர், ஏனையோர் சினந்தனர். கூலிச் சச்சரவு சாதிச் சண்டையாய் மாறிற்று. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன; பின்னர்ப் போலீசார் சுட்டதில் உயிர்களும் மாய்ந்தன. இரு திறத்து ஏழைகளும் அல்லலுற்றனர். ராஜா அவர்கள் சேர்ந்திருந்த ஜஸ்டிஸ் கட்சியின் தலைவர்களே ஆதிதிராவிடர்மீது பழி சுமத்தினர். அவர் தம் மக்கள் பக்கம் நின்று வாதாடி, 1923-ல் அக்கட்சியினின்றும் விலகினார்.

இத்தகையவர் உயர்சாதியாரோடு என்றும் உறவில்லை என்றிருந்தால் வியப்பில்லை. அவரோ 1932-ல் இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்தார். ஒதுக்கிய ஸ்தானங்கள் வேண்டும். ஆனால் யாவரும் ஒருங்கே வாக்களிக்கும் பொதுத்தொகுதியும் வேண்டும் என்பது அதன் சாரம். வட்டமேஜை மகாநாட்டில் தனித்தொகுதி கோரிய டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் இதனை ஏற்றிலர். பன்முறை ஏமாந்தவர்க்கு ஐயம் எழுதல் இயல்பே. அவ்வாண்டு செப்டம்பரில் புனா ஒப்பந்தத்தில் மூவரும் கையொப்பமிட்டனர்.

நீட்டிய கை முழுதும் பற்றப்பட்டதா? சமூகத் தடைகளை நீக்க அவர் கொணர்ந்த மசோதா 1938-ல் சட்டமாயிற்று. ஆயினும் அவ்வருஷமே அவர் கொணர்ந்த ஆலயப் பிரவேச மசோதா, ராஜாஜி மந்திரிசபையின் ஆதரவின்றித் தோல்வியுற்றது. இது நம்பியவர்க்கு நேர்ந்த நோவன்றோ? 1942-ல் அவர் அம்பேத்கருடன் சேர்ந்து கிரிப்ஸ் துரையைக் கண்டு, தம் மக்களுக்குத் தக்க பாதுகாப்பு வேண்டுமென வாதாடினார். 1943 ஆகஸ்டு 20-ல் காலமானார். மாகாணமெங்கும் ஆலயக் கதவுகளைத் திறந்த 1947-ம் வருஷத்துச் சட்டத்தை அவர் காணக் கொடுத்துவைக்கவில்லை.

அன்பர்காள்! இச்சரிதம் நமக்கு உணர்த்துவது யாது? பொறுத்தவர் தம் பாதியைச் செலுத்திவிட்டார்; மற்றப் பாதியைத் தீங்கிழைத்தவர் நீதியாகச் செலுத்தவேண்டும். அஃதின்றேல் பொறுமை ஏமாற்றமாய் முடியும். நமக்குத் தீங்கிழைத்தாரிடம் அந்நீதியைக் கேட்பதற்கு நாம் கூசவேண்டுவதில்லை. நம்மால் எவரேனும் தீங்குற்றிருப்பின், அவர் கேட்குமுன்னரே நம் கடனைத் தீர்ப்போமாக. சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதியைக் கடக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துக் கூறுவோமாக.