யசுடோமி நிஷிசுகா

யசுடோமி நிஷிசுகா (ஜூலை 12, 1932 – நவம்பர் 4, 2004) ஜப்பான் நாட்டைச் சேர்ந்த உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். உயிரணுவுக்கு வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கொண்டு செல்லும் நொதிகளுள் முதன்மையான புரதக் கைனேஸ் சி என்பதைக் கண்டறிந்தது இவரது ஆய்வுக்குழுவே ஆகும். உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பு வெறும் சுவர்ப்பொருள் அன்று. அதிலிருந்து பிரியும் ஒரு சிறு மூலக்கூறு செய்தி சொல்லும் பணியையும் செய்கிறது என்பது இவரது ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அம்மூலக்கூறை அடையாளம் காண்பதும், துத்தநாக அணுக்களைப் பிணைத்து நிற்பதுமான புரதப் பகுதி இன்று சி1 களம் என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

நிஷிசுகா ஜப்பானின் ஹியோகோ மாநிலத்திலுள்ள ஆஷியா நகரில் பிறந்தார். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1957 இல் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழிலில் ஈடுபடாமல் ஆய்வுத்துறையைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே ஒசாமு ஹயாய்ஷியிடம் உயிர்வேதியியல் கற்று, 1962 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசாளர் ஃபிரிட்ஸ் லிப்மனிடம் ஓராண்டு காலம் ஆய்வு மேற்கொண்டார். கியோத்தோவில் இவரிடமும் ஹயாய்ஷியிடமும் பயின்ற தசுகு ஹோஞ்சோ, 2018 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர் ஆவார்.

1960களின் இறுதியில் நிஷிசுகா கோபே பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இவரது முக்கியமான ஆய்வுகள் அனைத்தும் அங்குதான் நடைபெற்றன.

புதிய நொதி

கைனேஸ்கள் என்பவை பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, அவற்றின் செயலைத் தூண்டும் அல்லது நிறுத்தும் நொதிகள் ஆகும். 1970களில் அறியப்பட்டிருந்த முக்கியக் கைனேஸ்கள் சில, சுழல் ஏ.எம்.பி. போன்ற சிறு மூலக்கூறுகளால் இயக்கப்பட்டன. 1977 இல் நிஷிசுகாவின் குழுவினர் மூளைத் திசுவில், இத்தகைய மூலக்கூறுகளைச் சாராத ஒரு கைனேஸைக் கண்டனர். அது முதலில் செயலற்ற நிலையில் இருந்தது. கால்சியத்தால் தூண்டப்படும் ஒரு புரதம் வெட்டும் நொதி அதைத் துண்டித்தபோது செயல்படத் தொடங்கியது.

இந்த விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வெட்டப்பட்ட புரதம் மீண்டும் ஒட்டாது. ஆனால் உயிரணுவில் செய்தி வந்து சேர்ந்தபின் நொதி பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். எனவே வெட்டாமலேயே இந்நொதியை இயக்கும் வழி உண்டா என இக்குழுவினர் தேடினர். சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகளும் கால்சியமும் சேர்ந்தால் நொதி முழுமையாகவே செயல்படுவதைக் கண்டனர். கால்சியத்தைச் சார்ந்தது என்பதால் இதன் பெயரில் சி என்னும் எழுத்து இடம்பெற்றது.

கொழுப்பு என்னும் செய்தியாளர்

அடுத்து ஒரு புதிர் தோன்றியது. மூளைச் சவ்விலிருந்து பிரித்த கொழுப்பைச் சேர்த்தால், கால்சியத்தைத் தனியே சேர்க்காமலும் நொதி இயங்கியது. செங்குருதியணுச் சவ்வின் கொழுப்பைச் சேர்த்தால் அவ்வாறு இயங்கவில்லை. மூளைக் கொழுப்பில் கலந்திருந்த ஒரு மாசுப்பொருளே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எனத் தெரியவந்தது. அம்மாசுப்பொருள் டையசைல்கிளிசரால் ஆகும். மாசு என ஒதுக்காமல் அதைப் பின்தொடர்ந்ததன் பயனாக, 1979 இல் டையசைல்கிளிசரால் ஒரு சமிக்ஞை மூலக்கூறாக இருக்கலாம் என்னும் கருத்தை இக்குழு வெளியிட்டது.

உயிரணு தூண்டப்படும்போது சவ்விலுள்ள இனோசிட்டால் கொழுப்பு சிதைவது 1950களிலிருந்தே அறியப்பட்டிருந்தது. அது எதற்காக நிகழ்கிறது என்பது விளங்காமல் இருந்தது. இச்சிதைவில் இரண்டு பொருட்கள் உண்டாகின்றன. ஒன்று டையசைல்கிளிசரால், இது சவ்விலேயே தங்கி, புரதக் கைனேஸ் சி நொதியைத் தன்னிடம் ஈர்க்கிறது. மற்றொன்றான இனோசிட்டால் டிரைபாஸ்பேட் உயிரணுவின் உட்சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. பின்னது 1983 இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெரிட்ஜும் சக ஆய்வாளர்களும் காட்டியதாகும். இவ்வாறு ஒரே கொழுப்பு இரு செய்திகளாகப் பிரிவது தெளிவாயிற்று.

நேர்வாள எண்ணெய்

சித்த மருத்துவத்தில் பேதி மருந்தாக அறியப்பட்ட நேர்வாள விதையின் எண்ணெய், எலிகளின் தோலில் புற்றுக்கட்டிகள் வளர்வதை ஊக்குவிக்கும் தன்மை கொண்டது. அதற்குக் காரணமான போர்பால் எஸ்தர்கள் உயிரணுவில் எங்கே செயல்படுகின்றன என்பது நெடுங்காலம் தெரியவில்லை. 1982 இல் பிரான்சைச் சேர்ந்த மோனிக் காஸ்டான்யாவும் நிஷிசுகாவின் குழுவினரும், போர்பால் எஸ்தர் டையசைல்கிளிசராலின் இடத்தைப் பிடித்து இந்நொதியை நேரடியாக இயக்குவதைக் காட்டினர். டையசைல்கிளிசரால் உயிரணுவில் விரைவில் அழிந்துவிடும். போர்பால் எஸ்தர் எளிதில் அழியாததால் சமிக்ஞை அணையாமல் நீடிக்கிறது.

துத்தநாகத்தின் பங்கு

இந்நொதியின் எப்பகுதி கொழுப்பை அறிகிறது என்னும் வினாவுக்கு 1989 இல் இக்குழு விடை கண்டது. சிஸ்டீன் அமினோ அமிலங்கள் மிகுந்த, துத்தநாக விரல் போன்ற ஒரு பகுதி இல்லாமல் போர்பால் எஸ்தர் பிணையாது என அவர்கள் நிறுவினர். அப்பகுதி துத்தநாகத்தைப் பிணைப்பது பின்னர் பிற ஆய்வகங்களில் உறுதி செய்யப்பட்டது.

சி1 களம் ஏறத்தாழ 50 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் இரண்டு துத்தநாக அயனிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மூன்று சிஸ்டீன்களும் ஒரு ஹிஸ்டிடினும் பற்றியுள்ளன. துத்தநாகம் கொழுப்பைத் தொடுவதில்லை. களத்தின் வடிவம் குலையாமல் காப்பதே அதன் பணி. களத்தின் நுனியில் நீரை ஈர்க்கும் ஒரு பள்ளம் உள்ளது. போர்பால் எஸ்தர் அப்பள்ளத்தில் அமர்ந்து அதை மூடுவதால், நுனி முழுவதும் நீர்வெறுக்கும் பரப்பாகிச் சவ்வினுள் பதிகிறது. இது 1995 இல் வெளியான படிக அமைப்பிலிருந்து தெரியவந்தது.

பல்கலைக்கழகத் தலைவர்

1995 ஜனவரி 17 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கோபே நகரமும் அதன் சுற்றுப்புறமும் பேரழிவுக்கு உள்ளாகி, 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோபே பல்கலைக்கழகமும் மாணவர்கள் பலரை இழந்தது. அதே ஆண்டில் நிஷிசுகா அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்று, 2001 வரை அப்பதவியில் இருந்தார். 2004 இல் தமது 72 ஆம் வயதில் காலமானார்.

விருதுகள்

கெய்ர்ட்னர் விருது – 1988
ஜப்பானின் பண்பாட்டு விருது – 1988
லாஸ்கர் விருது – 1989 (பெரிட்ஜ், ஆல்ஃபிரட் கில்மன், எட்வின் கிரெப்ஸ் ஆகியோருடன்)
கியோத்தோ பரிசு – 1992
மருத்துவத்திற்கான வுல்ஃப் பரிசு – 1994/95 (பெரிட்ஜுடன்)

லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டோருள் கிரெப்ஸ் 1992 இலும் கில்மன் 1994 இலும் நோபல் பரிசு பெற்றனர். நிஷிசுகாவுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

பிற்கால ஆய்வுகள்

போர்பால் எஸ்தரின் செயலைக் கொண்டு, புரதக் கைனேஸ் சி புற்றுநோயை வளர்க்கும் நொதி எனப் பலரும் கருதினர். அதைத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, புற்றுக்கட்டிகளில் காணப்படும் இந்நொதியின் மரபுப் பிறழ்வுகளுள் சோதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை நொதியின் செயலைக் குறைப்பனவே எனக் காட்டியது. போர்பால் எஸ்தர் நெடுநேரம் இருந்தால் நொதி இயங்கியபின் சிதைந்து குறைந்துவிடும் என்பதும் இதனுடன் ஒத்துப்போகிறது. ஆகவே, பல இடங்களில் இந்நொதி புற்றுநோயைத் தடுக்கும் பணியைச் செய்வதாக இப்போது கருதப்படுகிறது. நொதியின் பங்கு குறித்த விளக்கம் இவ்வாறு மாறினாலும், கொழுப்பு சமிக்ஞையாகும் என்னும் அடிப்படைக் கண்டுபிடிப்பு மாறவில்லை. சி1 களம் இன்று வேறு பல புரதங்களிலும் அறியப்பட்டுள்ளது.